இடுப்பில் கட்டிக் கடத்திய காகிதங்கள்

வணக்கம் நேயர்களே. யூதர்களின் வரலாறு என்று பேச்செடுத்தாலே ஹிட்லர், வதைமுகாம், அப்புறம் இஸ்ரேல், இந்த மூன்றோடு முடித்துக்கொள்கிறோம். அதற்கு முன்னால் கிழக்கு ஐரோப்பாவில் லட்சக்கணக்கான யூதர்கள் எந்த நாடகத்தைப் பார்க்கப் போனார்கள், என்ன பாட்டுப் பாடிக் குழந்தையைத் தூங்கவைத்தார்கள், வயசுப்பிள்ளைகள் அப்பாவோடு எதற்காகச் சண்டை போட்டார்கள் என்று நாம் கேட்பதே இல்லை. கேட்டால் பதில் இருக்கிறது, அதுவும் அவர்கள் கைப்பட எழுதியே இருக்கிறது. அந்தக் காகிதங்கள் எப்படித் தப்பின என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

ஊர் பெயர் வில்னா. இன்றைக்கு லிதுவேனியாவின் தலைநகரான வில்னியஸ், இரண்டு உலகப்போர்களுக்கும் நடுவில் போலந்தின் வசம் இருந்தது. அங்கே 1925-இல் யிவோ என்ற ஆய்வு நிறுவனம் உருவானது. மொழியறிஞர் மாக்ஸ் வைன்ரைக் அதன் முக்கியமான ஆள். வீட்டிலும் சந்தையிலும் யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியை, படித்தவர்களே பலர் கொச்சை என்று ஒதுக்கிய மொழியை, ஆராய்ச்சி மொழியாக்க வேண்டும் என்று கிளம்பியவர்கள் இவர்கள். பின்னால் அரசாங்கம் எதுவும் இல்லை, பணமும் அதிகம் இல்லை. அதனால் ஊர் ஊராக இருந்த சாதாரண ஜனங்களிடமே, உங்கள் பக்கத்தில் கிடைப்பதைச் சேர்த்து அனுப்புங்கள் என்று கேட்டார்கள். பழமொழி, தாலாட்டு, நகைச்சுவைத் துணுக்கு, நாடகச் சுவரொட்டி, சங்கங்களின் பதிவேடு என்று வந்து குவிந்தது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இளைஞர்களுக்காக அவர்கள் நடத்திய தன்வரலாற்றுப் போட்டிதான். 1932, 1934, 1939 என்று மூன்று முறை நடத்தினார்கள். குடும்பம், பள்ளிக்கூடம், அரசியல், காதல், எதையும் ஒளிக்காமல் எழுது, புனைபெயரில் எழுதினாலும் சரி என்றார்கள். அறுநூறுக்கும் மேல் வந்தன. கடவுள் நம்பிக்கை போனதை அப்பாவிடம் சொல்ல முடியாத பையன், படிக்க ஆசைப்பட்டும் தையல் வேலைக்குப் போன பெண் என்று, பெரிய மனிதர்களின் நினைவுக் குறிப்புகளில் தலைகாட்டாதவர்கள் எல்லாம் அதில் பேசுகிறார்கள். மூன்றாவது போட்டியின் பரிசை 1939 செப்டம்பர் 1 அன்று அறிவிப்பதாக இருந்தது. அன்றைக்குத்தான் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது.

வைன்ரைக் அப்போது வெளிநாட்டில் இருந்தார், ஊர் திரும்பவில்லை. நியூயார்க்கில் யிவோவை மறுபடி நிலைநிறுத்தினார். வில்னாவுக்குள் ஜெர்மன் படை 1941 ஜூனில் வந்தது. நாஜிகளுக்கு யூதர்களை அழிக்கவும் வேண்டும், அழித்த பிறகு 'ஆராய' அவர்களுடைய புத்தகங்களும் வேண்டும். நாஜித் தலைவர்களில் ஒருவரான ஆல்ஃபிரட் ரோசன்பெர்க்கின் கொள்ளைப் பிரிவு, எபிரேயம் படித்த யோஹான்னஸ் போல் என்ற நாஜியை அனுப்பியது. ஏறத்தாழ முப்பது சதவீதத்தைப் பொறுக்கி ஃபிராங்ஃபர்ட்டுக்கு அனுப்ப வேண்டும், மிச்சத்தைக் காகித ஆலையில் கூழாக்க வேண்டும். பொறுக்கும் வேலை யாருக்கு? கெட்டோவில், அதாவது யூதர்களை மட்டும் அடைத்துவைத்த நகரப் பகுதியில், அடைபட்ட யூத அறிஞர்களுக்கும் கவிஞர்களுக்கும்தான். கெட்டோவில் இவர்களைக் கேலியாகக் 'காகிதப் பட்டாளம்' என்றார்கள்.

ஆப்ரகாம் சுட்ஸ்கேவர், ஷ்மெர்கே கச்செர்கின்ஸ்கி என்ற இரண்டு கவிஞர்களும், நூலகர் ஹெர்மன் குரூக்கும், இன்னும் பலரும் மாலையில் வேலை முடிந்து திரும்பும்போது காகிதங்களை உடுப்புக்குள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். வாசலில் ஜெர்மானியன் நின்றால் அடி, அதற்கு மேலும் நடக்கலாம். சுட்ஸ்கேவர் இன்னொரு வழி பார்த்தார்: கழிவுக் காகிதம், அடுப்பெரிக்க வேண்டும் என்று எழுத்து அனுமதி வாங்கினார். அந்தக் 'கழிவில்' டால்ஸ்டாயின் கடிதங்களும் இத்திஷ் எழுத்தாளர் ஷோலம் அலைக்கெமின் கையெழுத்துப் பிரதிகளும் கெட்டோவுக்குள் வந்து சேர்ந்தன.

ரொட்டி கடத்த வேண்டிய நேரத்தில் காகிதம் கடத்துகிறார்களே, பைத்தியமா என்று கெட்டோவிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் கிடையாது. அவர்களுக்குள்ளேயே சண்டை வேறு: யிவோவின் தலைவர்களில் ஒருவரான செலிக் கல்மனோவிச், ஜெர்மனிக்கே போகட்டும், போர் முடிந்தால் அங்கே தேடி எடுக்கலாம் என்றார். சரணாகதி மாதிரித்தான் இருந்திருக்கும் கேட்டவர்களுக்கு. ஆனால் ஃபிராங்ஃபர்ட் போனவற்றில் பெரும்பகுதியை அமெரிக்கப் படை கண்டெடுத்தது, 1947-இல் அது நியூயார்க் யிவோவுக்குப் போய்ச் சேர்ந்தது. கல்மனோவிச் அதைப் பார்க்கவில்லை. எஸ்தோனிய முகாமில் இறந்துபோனார். குரூக்கும் அங்கேதான், சோவியத் படை வருவதற்கு முந்தைய நாள் கொல்லப்பட்டார்.

சுட்ஸ்கேவரும் கச்செர்கின்ஸ்கியும் காட்டுக்குள் போய் கொரில்லாப் படையோடு சேர்ந்து பிழைத்தார்கள். 1944-இல் சோவியத் படை வில்னாவைப் பிடித்ததும் திரும்பி வந்து, கடத்தி வந்து கெட்டோவில் புதைத்து வைத்திருந்ததைத் தோண்டி எடுத்து ஒரு யூத அருங்காட்சியகம் தொடங்கினார்கள். இனிமேல் நிம்மதி என்று நினைப்பீர்கள். இல்லை, நகரக் குப்பைக் கிடங்கில் டன் கணக்கில் அகப்பட்ட யூதக் காகிதங்களைச் சோவியத் அதிகாரிகளும் ஆலைக்கே அனுப்பினார்கள், 1949-இல் அருங்காட்சியகத்தையும் மூடிவிட்டார்கள். அப்போது கைகொடுத்தவர் யூதரே அல்ல. அன்டானாஸ் உல்பிஸ் என்ற லிதுவேனிய நூலக அதிகாரி. மூடிக்கிடந்த ஒரு பழைய தேவாலயம் அவருடைய நிறுவனத்தின் புத்தகக் கிடங்காக இருந்தது. அழிக்கச் சொன்ன யூத நூல்களையும் ஆவணங்களையும் அவர் அங்கே மற்றவற்றுக்கு இடையில் செருகி வைத்துவிட்டார். 1980-களின் கடைசியில்தான் விஷயம் வெளியே வந்தது. 2017-இல் இன்னும் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பக்கங்கள் கண்டெடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது, அதில் ஓர் ஐந்தாம் வகுப்புச் சிறுமி எழுதிய தன்வரலாறும் உண்டு.

அப்புறம் இது யாருக்குச் சொந்தம் என்ற தகராறு. நியூயார்க் கேட்டது, லிதுவேனியா தர மறுத்தது. கடைசியில், மூலம் வில்னியஸில் இருக்கட்டும், இரண்டு ஊரிலும் இருப்பதைப் படமெடுத்து இணையத்தில் ஒன்றாகப் போடுவோம் என்று உடன்பட்டு, 2022 ஜனவரியில் வேலையை முடித்தார்கள். நாற்பது லட்சம் பக்கங்களுக்கு மேல், இலவசம். பெரும்பாலும் இத்திஷ் என்பதால் நமக்குப் படிக்க வராதுதான், ஆனாலும் நாடகச் சுவரொட்டிகளில் தொடங்குங்கள், அதற்கு மொழி அவ்வளவாக வேண்டாம். நன்றி, வணக்கம்.