பயம் எத்தனை மணிக்கு வருகிறது?

[காட்சி: சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பஸ். ஜன்னலோரம் பள்ளிச் சீருடையில் ஒரு பையன், பக்கத்தில் அம்மா.]

குரல்: வீடு ஏற்காட்டில், பள்ளி சேலத்தில். ஒன்பது வயது. கற்பனைப் பையன்தான், ஆனால் இவனைப் போன்றவர்கள் நிறைய உண்டு. ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைத் துடிப்புக்காக மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை சாப்பிடுகிறான். இப்போது வகுப்பில் உட்கார்கிறான், கணக்கை முடிக்கிறான். ஆனால் மாலையில் பஸ் மலையேறத் தொடங்கியதும் அழுகை, படபடப்பு, அம்மாவின் கையை விட மறுக்கும் பிடிவாதம். "எல்லாம் அந்த மாத்திரை செய்கிற வேலை" என்கிறார் பாட்டி.

பாட்டியை அவசரப்பட்டு மறுக்க வேண்டாம். நேரத்தைப் பார்ப்போம்.

[காட்சி: சுவர்க் கடிகாரம். முள் பன்னிரண்டிலிருந்து நான்குக்கு நகர்கிறது.]

சாதாரண வகை மெத்தில்ஃபெனிடேட் ஏறக்குறைய நான்கு மணி நேரம் வேலை செய்யும். மூளையில் சுரக்கும் டோபமைனும் நார்அட்ரினலினும் உடனே திரும்ப உறிஞ்சப்படாமல் அது தடுக்கிறது. பகல் பன்னிரண்டுக்கு இரண்டாவது மாத்திரை போட்டால், நான்கு மணிவாக்கில் அதன் பிடி தளர்கிறது. அந்த நேரத்தில் சில குழந்தைகளுக்கு எரிச்சலும் அழுகையும் பொங்கும். போதாததற்கு, மருந்து பசியை அடக்கியதால் மதியச் சாப்பாடு டப்பாவிலேயே இருக்கும். காலி வயிற்றோடு இருபது கொண்டை ஊசி வளைவுகள்! பஸ் ஏறும் முன் ஒரு தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

மாத்திரை போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது என்றால் கதை வேறு. அளவு அதிகமாக இருக்கலாம். காபித் தோட்டங்களுக்கு நடுவே வாழும் வீடுகளில் குழந்தைக்கும் காலையில் ஒரு டம்ளர் காபி கிடைத்துவிடுகிறது. காபியும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் படபடப்பு கூடும். மருத்துவரிடம் போகும்போது காபியை மறைக்காதீர்கள்.

மருந்து தொடங்குவதற்கு முன்பே பயம் இருந்ததா? பலர் யோசிக்க மறக்கும் கேள்வி இது. ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் பதற்றக் கோளாறும் சேர்ந்தே இருக்கிறது. நாள்தோறும் திட்டு வாங்கும் குழந்தைக்குப் பள்ளி வாசலே பயம்தான். பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஓர் அலசலில், மெத்தில்ஃபெனிடேட் போன்ற ஊக்க மருந்து எடுத்த குழந்தைகளிடம் பதற்றம் தோன்றுவது, ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத மாத்திரை எடுத்தவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. ஆனாலும் அது சராசரிக் கணக்கு. உங்கள் பிள்ளை அந்தச் சராசரிக்கு வெளியே இருக்கலாம்.

[காட்சி: கோடு போட்ட நோட்டு. மாத்திரை நேரம், சாப்பாடு, பயம் வந்த நேரம், தூக்கம்.]

ஒரு வாரம் இப்படி எழுதிக்கொண்டு போங்கள். "எப்போதும் பயப்படுகிறான்" என்ற ஒரே வரியைவிட இந்த நோட்டு மருத்துவருக்கு நூறு மடங்கு உதவும். அதைப் பார்த்து அவர் அளவைக் குறைக்கலாம், நீண்ட நேரம் வேலை செய்யும் வகைக்கு மாற்றலாம், பயத்துக்கென்று நடத்தை சார்ந்த பயிற்சியைச் சேர்க்கலாம். அட்டோமாக்செட்டின் என்ற வேறு வகை மருந்தும் உண்டு. அதன் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நீங்களாக அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான குளோனிடினை எடுக்கும் குழந்தைக்கு அதைத் திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் எகிறலாம்.

மயக்கம், நெஞ்சுவலி, இல்லாத குரல் கேட்பது, சாவைப் பற்றிய பேச்சு, இவற்றில் எது வந்தாலும் நோட்டை மூடிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416. மலைமேல் இருந்தபடியே அழைக்கலாம், கட்டணமில்லை.