பனிக்காலத்தில் பிள்ளையின் கைக்கு என்ன வேலை?

(ஸ்கார்பரோவில் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வணக்கம். இந்தக் குளிரிலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். பீடிகை வேண்டாம், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஜனவரி பிறந்தால் பல வீடுகளில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பனிமனிதன் ஏறிவிடுவார். மூன்று வெள்ளை வட்டம், ஆரஞ்சு மூக்கு. வட்டம் வெட்டியது அம்மா, பசை தடவியது அம்மம்மா. பிள்ளை ஒட்டியது மூக்கு மட்டும். அதுவும் கோணலாக இருக்கிறதென்று யாரோ பிடுங்கித் திருத்தி ஒட்டியிருப்பார்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அதில் படிக்க ஒன்றுமில்லை. அந்த வயதில் படிப்பு கையால் நடப்பது: தொட வேண்டும், ஊற்ற வேண்டும், கண்முன்னே ஏதாவது மாற வேண்டும். அதற்கான சாமானை ரொறன்ரோக் குளிர் வாசலில் இலவசமாகக் கொட்டி வைத்திருக்கிறது.

முதல் பாடம் உடுப்புப் போடுவது. சிரிக்காதீர்கள். ஒன்டாரியோ டேகேர்களில் இரண்டரை வயது தாண்டிய பிள்ளைகள் எட்டுப் பேருக்கு ஒரு ஆசிரியர் என்பது கணக்கு. எட்டு ஜாக்கெட்டுக்கும் ஜிப் பூட்ட அவருக்கு இருப்பது இரண்டு கை. ஆகவே அங்கே சொல்லிக்கொடுக்கும் வித்தையை வீட்டிலும் செய்யுங்கள். ஜாக்கெட்டின் உட்புறம் மேலே தெரியும்படி தரையில் விரியுங்கள். கழுத்துப் பக்கம் பிள்ளையின் கால்விரலைத் தொட வேண்டும். பிள்ளை குனிந்து இரண்டு கையையும் சட்டைக்கைக்குள் நுழைத்து, அப்படியே தலைக்கு மேலால் வீசினால் ஜாக்கெட் முதுகில் வந்து விழும். தலைகீழாக விழுந்தால், கழுத்துப் பக்கம் மறுமுனையில் இருந்திருக்கிறது என்று அர்த்தம். தரையில் இரண்டு பாத அடையாளம் ஒட்டி, அதன் முன்னால் கழுத்தை வைத்தால் அந்தக் குழப்பம் வராது. ஜிப்பின் அடிமுனையை நீங்கள் கோர்த்துவிடுங்கள், மேலே இழுப்பது பிள்ளையின் வேலை.

வரிசையும் முக்கியம்: ஸ்னோ பேன்ட், பூட்ஸ், ஜாக்கெட், தொப்பி, கடைசியில் கையுறை. கையுறையை முதலில் போட்டால் வேறெதையும் பிடிக்க ஏலாது. ஐந்தையும் படமெடுத்துப் பிள்ளையின் கண்மட்டத்தில் வரிசையாக ஒட்டினால், ‘முதல்’, ‘பிறகு’, ‘கடைசி’ மூன்றும் தினமும் பழகிவிடும். நீளச் சால்வை வேண்டாம், சறுக்குமரத்தில் மாட்டிக் கழுத்தை இறுக்கும். தலைவழியாக மாட்டும் கழுத்துறை வாங்குங்கள்.

அடுத்தது ஐஸ் கட்டி. ஒரு லீட்டர் தயிர் வந்த பிளாஸ்டிக் பேணியில் விளையாட்டு விலங்குகளைப் போட்டு உறைய வைத்து, பிள்ளையிடம் கொடுத்து மீட்கச் சொல்வது. எல்லோரும் செய்வதுதான், ஆனால் ஒரே தடவையில் தண்ணீரை நிரப்பிவிடுகிறார்கள். பிளாஸ்டிக் விலங்கு மிதக்கும். காலையில் பார்த்தால் எல்லாம் மேலே ஒரே தட்டில் நிற்கும், ஐந்து நிமிடத்தில் விளையாட்டு முடிந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு உறைய வையுங்கள், மேலே இரண்டு விலங்கு வையுங்கள், அவை மிதந்து எழாத அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுத் திரும்ப உறைய வையுங்கள். இப்படி மூன்று அடுக்கு. விளிம்பில் இரண்டு சென்டிமீட்டர் இடம் விடுங்கள், தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். கண்ணாடிப் போத்தல் வெடிப்பதும் அதனால்தான்.

ஃப்ரீசருக்குள் இருப்பது மைனஸ் 18 பாகை. எடுத்த உடனே கொடுத்தால் ஈரக் கையும் நாக்கும் ஒட்டிக்கொள்ளும். மேற்பரப்பு பளபளவென்று நனையும் வரை வெளியே வையுங்கள். பிறகு ஒரு தட்டம், இளஞ்சூட்டுத் தண்ணீர், ஒரு கரண்டி. கையில் பிடித்து அமுக்கும் சொஸ் போத்தல் இருந்தால் இன்னும் நல்லது, விரலுக்குப் பலம் வரும்.

மூன்று வயது தாண்டியவர்களுக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பும் கொடுக்கலாம். உப்புப் பட்ட இடம் குழியாக உருகி ஓடும். அதில் இரண்டு சொட்டு உணவு நிறம் விட்டால் ஐஸுக்குள் பாதை தெரியும். உப்பு, தண்ணீர் உறையும் பாகையைக் கீழே இறக்குகிறது. அதனாலேயே உப்பும் ஐஸும் கலந்தது வெறும் ஐஸை விடக் கூடுதலாகக் குளிர்ந்து தோலைப் புண்ணாக்கும். உப்பைக் கையில் எடுத்து ஐஸில் தேய்க்க விடாதீர்கள், கரண்டியாலேயே போடட்டும். இன்னொன்று: டொய்லெட் ரோல் குழாய்க்குள் நுழையும் எந்தச் சாமானும் மூன்று வயதுக்குக் கீழே ஆகாது. சின்ன ஐஸ் துண்டும் தொண்டையை அடைக்கும்.

பனியை உள்ளே கொண்டுவருவதற்கு ஒரு வாளி போதும். ஒளி ஊடுருவும் கப் ஒன்றில் பனியை நிரப்பி, மட்டத்தில் ரப்பர் வளையம் மாட்டி, ‘உருகினால் தண்ணீர் எதுவரை நிற்கும்?’ என்று கேளுங்கள். நாலு வயதுப் பிள்ளை அநேகமாக விளிம்பைத்தான் காட்டும். மறுக்காதீர்கள், காட்டிய இடத்தில் இன்னொரு வளையம் மாட்டுங்கள். அள்ளும்போது எவ்வளவு அமுக்கினீர்கள் என்பதைப் பொறுத்துத் தண்ணீர் பாதிக்கும் கீழேதான் நிற்கும். புதிதாக விழுந்த பஞ்சுப் பனியில் பெரும்பகுதி காற்று: பத்து சென்டிமீட்டர் பனி உருகினால் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் தண்ணீர். அடியில் கறுப்பாகத் தூசி படிவதையும் பிள்ளை பார்க்கட்டும். பனியைத் தின்னாதே என்று நூறு தரம் சொல்வதை விட அது வேலை செய்யும். தெருவோரப் பனியை எடுக்கவே வேண்டாம், அதில் வீதி உப்பு இருக்கும்.

வேண்டாதவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பேக்கிங் சோடாவில் தலைக்குப் போடும் கண்டிஷனர் பிசைந்து செய்யும் ‘போலிப் பனி’, எதையும் வாயில் வைக்கும் வயதுக்கு ஆகாது, அதில் சோடியம் மிக அதிகம். நிஜப் பனி வாசலில் கிடக்கும்போது அது எதற்கு? தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகளை வீட்டுக்குள்ளேயே எடுக்காதீர்கள். விழுங்கினால் குடலில் பெருத்து அடைக்கும். போராக்ஸில் வளர்க்கும் படிகம் பெரிய பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். பைன் காயில் கச்சான் வெண்ணெய் பூசிப் பறவைக்குத் தொங்கவிடுவது அழகுதான், ஆனால் ஒவ்வாமை உள்ள பிள்ளை வகுப்பில் இருக்கலாம். காய்கறிக் கொழுப்பு (கடையில் ‘ஷார்ட்னிங்’ என்று விற்கும் வெள்ளைக் கொழுப்பு) பூசிச் சூரியகாந்தி விதையில் உருட்டினாலும் சிக்கடி வரும், கார்டினல் வரும்.

வெளியே எவ்வளவு நேரம் என்று எப்போதும் கேட்கிறீர்கள். வெப்பமானியை மட்டும் பார்க்காமல், காற்றோடு சேர்ந்த குளிர்க் கணக்கை (‘விண்ட் சில்’) பாருங்கள். அது மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கலாம். அன்றைக்கு வாளிதான் உள்ளே வர வேண்டும், பிள்ளை வெளியே போகக் கூடாது.

பின்மேசையில் நாலு பாத்திரத்தில் ஐஸ் தண்ணீர் வைத்திருக்கிறோம். பக்கத்தில் இருப்பது கொழுப்புக் கையுறை. பெரிய ஜிப் பையில் ஒன்றரைக் கப் காய்கறிக் கொழுப்பு, உள்ளே உட்புறம் வெளியாகத் திருப்பிய இன்னொரு பை. இரண்டு பையின் ஜிப்பையும் ஒன்றோடொன்று பூட்டியிருக்கிறது. பையைத் திருப்பாவிட்டால் ஜிப் பூட்டாது, கொழுப்பு வெளியே வரும். விரல் நுனியில் கொழுப்பு விலகியிருந்தால் அந்த இடத்தில் குளிர் சுருக்கென்று குத்தும், ஆகவே வெளியிலிருந்து தடவிச் சமமாகப் பரப்பியே கொடுங்கள். கடல்நாயும் பனிக்கரடியும் குளிரைத் தாங்கும் வழிகளில் ஒன்று இதுதான்: தோலுக்கடியில் தடித்த கொழுப்பு. ஒரு கை வெறுங்கை, ஒரு கை கையுறைக்குள். பிள்ளைகளோடு வந்து வைத்துப் பாருங்கள். வெறுங்கையைப் பிள்ளை எடுக்க நினைத்த உடனே எடுக்க விடுங்கள், யார் கூடுதல் நேரம் வைத்திருப்பது என்று எண்ணிப் போட்டிக்கு விடவேண்டாம்.