ஊஞ்சல் சங்கிலியின் ஓசை

வானொலி நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

எழுத்தாளர்கள் தங்கள் புத்தகங்களைப் பற்றிப் பேசிய ஒலிப்பதிவுகளைக் குறித்து உரையாற்ற என்னை அழைத்திருக்கிறார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இப்படிப்பட்ட பதிவுகளைத் தேடித்தேடிக் கேட்டு வருகிறேன். ஒரு காலத்தில் சிறுபத்திரிகை ஒன்றுக்காக நானே கேசட் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு எழுத்தாளர்களின் வீட்டுப் படியேறியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் மனத்தில் தங்கிவிட்ட ஒரு விஷயத்தைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

1889ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள். லண்டனில் ருடால்ஃப் லேமன் என்ற ஓவியரின் வீட்டில் விருந்து. எடிசன் கண்டுபிடித்த ஒலிப்பதிவுக் கருவியை அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். சுழலும் மெழுகு உருளை, அதைக் கீறிக்கொண்டே நகரும் ஊசி, வாயருகே ஒரு குழல். விருந்துக்கு வந்தவர்களில் கவிஞர் ராபர்ட் பிரௌனிங்கும் ஒருவர். 76 வயது. ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். குதிரைப் பாய்ச்சலின் தாளத்தில் தாம் எழுதிய கவிதை ஒன்றைத் தொடங்குகிறார். 1845இல் அச்சேறிய, பலருக்கும் மனப்பாடமான கவிதை. சில வரிகள் வேகமாக ஓடுகின்றன. பிறகு தடுமாற்றம். மீண்டும் முயல்கிறார், வரவில்லை. என் கவிதையே எனக்கு நினைவில் இல்லை, மிகவும் வருந்துகிறேன் என்று அந்தக் குழலுக்குள்ளேயே சொல்லிவிட்டுத் தம் பெயரை உரக்கக் கூவுகிறார். சுற்றி நின்றவர்கள் ஆரவாரம் செய்கிறார்கள். பதிவு முடிகிறது.

அதே ஆண்டு டிசம்பரில் பிரௌனிங் வெனிஸ் நகரில் காலமானார். ஓராண்டு கழித்து நண்பர்கள் ஒன்றுகூடி அந்த உருளையைச் சுழலவிட்டுக் கேட்டார்கள். இறந்துபோன மனிதரின் குரல் அறைக்குள் ஒலித்தது.

இரைச்சலுக்கு நடுவே வரும் அந்தக் குரலை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. கவிதை முழுசாகப் புத்தகத்தில் இருக்கிறது. நல்ல குரல் வாய்த்த யாரையாவது கொண்டு பிழையில்லாமல் வாசிக்கவும் வைக்கலாம். ஆனால் எழுதியவரே மறந்துபோய், கூச்சப்பட்டு, மன்னிப்புக் கேட்ட அந்த நொடி அந்த மெழுகு உருளையில் மட்டும்தான் இருக்கிறது. நம் பாரதியின் குரல் பதிவு ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம், அவர் தடுமாறிய ஒரே ஒரு வரி கிடைத்திருந்தாலும் போதுமே என்று ஏங்குகிறேன்.

எழுத்தாளர் பேட்டி என்றவுடன் இலக்கிய வாசகர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது பாரிஸ் ரிவ்யூ என்ற ஆங்கில இலக்கிய இதழ். 1953இல் வந்த முதல் இதழிலேயே ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டரின் பேட்டி இடம்பெற்றது. அதன்பின் எழுபது ஆண்டுகளாக அந்த வரிசை தொடர்கிறது. அவற்றைப் படித்துத்தான் நானும் கேள்வி கேட்கக் கற்றேன். ஆனால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பேட்டிகளில் எழுத்தாளர் பேசியது அப்படியே அச்சாவதில்லை. எழுதியெடுத்த பிரதி அவரிடமே போகும். அவர் அடிப்பார், திருத்துவார், சேர்ப்பார். கியூபாவில் ஹவானாவுக்கு அருகிலிருந்த வீட்டில் அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வேயைக் கண்டு அந்த இதழின் ஆசிரியர் ஜார்ஜ் பிளிம்ப்டன் எடுத்த பேட்டி 1958இல் வெளிவந்தது. அதில் பல கேள்விகளுக்கு ஹெமிங்வே வாயால் பதில் சொல்ல விரும்பவில்லை. நின்றபடியே எழுதும் தம் பலகையில் வைத்து எழுதிக் கொடுத்தார். தம் நாவல் ஒன்றின் கடைசிப் பக்கத்தை 39 முறை திருத்தி எழுதியதாகச் சொன்னார். அப்படி என்ன சிக்கல் என்று கேட்டதற்கு, சொற்களைச் சரியாக அமைப்பதுதான் சிக்கல் என்றார். பல ஆண்டுகள் கழித்து, 2012இல் அந்த நாவலின் புதிய பதிப்பில் கையெழுத்துப் படிகளிலிருந்து திரட்டிய முடிவுகளை அச்சிட்டபோது 47 இருந்தன. அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. எழுதுகிறவனின் நினைவு அப்படித்தான் கணக்கு வைக்கிறது. ஆனால் 39 என்று சொல்லும் முன் அவர் யோசித்தாரா, கூரையைப் பார்த்தாரா, சட்டென்று சொன்னாரா? அச்சுப் பக்கம் அதைச் சொல்லாது.

ரஷ்யாவில் பிறந்த நாவலாசிரியர் நபக்கோவ் இன்னும் ஒரு படி மேலே போனவர். கேள்விகளை முன்கூட்டியே எழுதி அனுப்பச் சொல்வார். பதில்களை அட்டைகளில் எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பார். தாம் மேதையைப் போல் சிந்திப்பதாகவும் குழந்தையைப் போல் பேசுவதாகவும் அவரே எழுதியிருக்கிறார். அந்தக் குழந்தைப் பேச்சை நமக்குத் தராமலே போய்விட்டார் என்பது எனக்கு மனக்குறைதான்.

மறுப்பதையும் பதிவில் கேட்க வேண்டும். 1955இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் எழுத்தாளர் ஃப்ளானரி ஓ'கானரின் சிறுகதை ஒன்றின் முதல் பகுதியை நடித்துக் காட்டினார்கள். பிறகு பேட்டியாளர் ஹார்வி பிரைட், அடுத்து என்ன நடக்கிறது என்று நேயர்களுக்குச் சொல்கிறீர்களா என்று அன்பாகக் கேட்டார். ஓ'கானர் நிச்சயமாக மாட்டேன் என்றார். அப்படிப்பட்ட கதையைச் சுருக்கிச் சொல்ல முடியாது, கதையில் எப்படிச் சொல்லியிருக்கிறதோ அதுதான் அதைச் சொல்லும் ஒரே வழி என்றார். அப்போது அவருக்கு முப்பது வயதுதான். தொலைக்காட்சி விளக்குகளுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு தம் கதையை ஒரு பெண் அப்படிக் காத்து நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

கேள்வி கேட்பவர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். சிகாகோவின் ஸ்டட்ஸ் டெர்க்கல். டபிள்யூ.எஃப்.எம்.டி. வானொலியில் 1952 முதல் 1997 வரை 45 ஆண்டுகள் நிகழ்ச்சி நடத்தியவர். 5,000க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் ஆவணமாக நிற்கின்றன. பேட்டிக்கு வரும் எழுத்தாளரின் புத்தகத்தை முழுவதும் படித்து, பக்கம் பக்கமாகக் கோடிட்டுக்கொண்டு வருவார். இது பெரிய செய்தியா என்று கேட்காதீர்கள். புத்தகத்தின் பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு எதிரே வந்து உட்காரும் பேட்டியாளரிடம் எந்த எழுத்தாளரும் மனம் திறந்து பேச மாட்டார்.

1961 ஜூலையில் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் அவருடைய நிகழ்ச்சிக்கு வந்தார். டெர்க்கல் எடுத்தவுடன் கேள்வி கேட்கவில்லை. கறுப்பினப் பாடகி பெஸ்ஸி ஸ்மித் பாடிய பழைய இசைத்தட்டு ஒன்றைப் போட்டார். பெருவெள்ளத்தில் வீடிழந்தவளின் பாட்டு. அது ஒலித்து அடங்கிய பிறகுதான் உரையாடல் தொடங்குகிறது. ஏன் அந்தப் பாட்டு? பால்ட்வின் தம் முதல் நாவலை முடிக்க முடியாமல் ஸ்விட்சர்லாந்தின் பனிமலைக் கிராமம் ஒன்றுக்குப் போய்த் தங்கியிருந்தார். கையில் தட்டச்சுப் பொறியும் பெஸ்ஸி ஸ்மித்தின் இசைத்தட்டுகளும். சுற்றிலும் வெள்ளைப் பனி, வெள்ளை மனிதர்கள். நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லம் பகுதியில் சிறுவனாகத் தாம் பேசிய பேச்சை, வெட்கப்பட்டுப் புதைத்து வைத்திருந்த அந்தப் பேச்சை, அந்தப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் மீட்டெடுத்தேன் என்று அவர் எழுதியிருக்கிறார். டெர்க்கல் அதைப் படித்திருந்தார். அதனால்தான் இசைத்தட்டோடு வந்தார். நாவல் எழுதப்பட்ட அறையின் ஓசையை வானொலி நிலையத்துக்குள் கொண்டுவந்து, அதன் நடுவே எழுத்தாளரை உட்கார வைத்துவிட்டார். அதன்பின் பால்ட்வின் பேசுவதைக் கேட்டால், பேட்டி கொடுப்பவரின் குரலாக அது இருக்காது. தமக்குள்ளே பேசிக்கொண்டிருப்பவரின் குரலாக இருக்கும்.

இவ்வளவு பெரிய மனிதரான டெர்க்கலுக்கு ரெக்கார்டர் பொத்தான்கள் சரியாகக் கைவரவில்லை. நடனமேதை மார்த்தா கிரஹாமின் பேட்டியை அப்படித்தான் இழந்தார். அதைப் படித்தபோது நான் சிரிக்கவில்லை. இழப்பு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதற்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

அதற்கு முன் டான் ஸ்வெய்ம். நியூயார்க்கில் சி.பி.எஸ். வானொலிக்காக 1980களில் நாள்தோறும் புத்தகங்களைப் பற்றி இரண்டு நிமிட நிகழ்ச்சி ஒன்றை நடத்தியவர். இரண்டே நிமிடம். ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்காக எழுத்தாளர்களோடு அரைமணி நேரம், சில சமயம் அதற்கும் மேலாக உட்கார்ந்து பேசினார். ரே பிராட்பரி, ஐசக் அசிமோவ், டோனி மாரிசன் போன்றவர்கள் வந்து பேசினார்கள். ஒலிபரப்பானது போக மீதியை வேறு யாராக இருந்தாலும் அழித்துவிட்டு அதே நாடாவில் அடுத்த பேட்டியைப் பதிவு செய்திருப்பார்கள். அவர் நாடாக்களைப் பத்திரமாக எடுத்து வைத்தார். பின்னாளில் ஒஹாயோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அங்கே அவற்றைக் கணினிக் கோப்புகளாக மாற்றி, வெட்டாமல் கொள்ளாமல் உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். எடுத்து வைத்தார் என்ற ஒரே காரணத்துக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இனி என் கதை.

1996ஆம் ஆண்டு. காவிரிக்கரை ஊர் ஒன்றில் ஒரு மூத்த எழுத்தாளரைப் பார்க்கப் போனேன். அவர் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், குடும்பத்தாரின் விருப்பம் அப்படி. முற்றத்தை ஒட்டிய கூடத்தில் ஊஞ்சல். அவர் ஊஞ்சலில், நான் கீழே பாயில். நடுவில் ரெக்கார்டர். அறுபது நிமிட கேசட் இரண்டு வாங்கிப் போயிருந்தேன். ஊஞ்சல் சங்கிலி ஒவ்வொரு வீச்சுக்கும் கிரீச் கிரீச் என்று முனகும். பதிவு கெட்டுவிடுமே என்று எனக்குக் கவலை. ஊஞ்சலை நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை.

அவருடைய மிகப் புகழ்பெற்ற குறுநாவலைப் பற்றிக் கேட்டேன். "ஐயா, அதை எத்தனை நாளில் எழுதினீர்கள்?" என்றேன். "ஒரே இரவில்" என்றார். "விளக்கு அணையவில்லை. விடிந்தபோது முடிந்திருந்தது." எனக்குப் புல்லரித்தது. அப்போது சமையற்கட்டிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ஒரே இரவா? சித்திரையில் ஆரம்பித்து ஆடி வரைக்கும் எழுதினீர்கள். பெரியவனுக்கு அம்மை போட்டிருந்த வருடம் அது." ஊஞ்சல் நின்றது. சங்கிலி ஓசையும் நின்றது. கொஞ்ச நேரம் முற்றத்துக் காகம் மட்டும் கேட்டது. பிறகு அவர் மெல்லச் சிரித்தார். "அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றார். "எனக்கு அது ஒரே இரவாகத்தான் இருக்கிறது." ஊஞ்சல் மீண்டும் அசையத் தொடங்கியது.

பத்திரிகையில் எனக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். பேட்டியை எழுதியெடுத்தபோது 'ஒரே இரவில்' என்ற பதிலை வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டேன். சமையற்கட்டுக் குரல் பேட்டியின் பகுதி இல்லை என்று நினைத்தேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. அதன்பின் அந்த நூலைப் பற்றி எழுதிய ஒவ்வொருவரும், ஒரே இரவில் எழுதப்பட்ட நாவல் என்று என் பேட்டியை மேற்கோள் காட்டினார்கள். பின்னட்டையிலும் அச்சாகிவிட்டது. பிள்ளைக்கு அம்மை போட்டு வீடு முழுவதும் வேப்பிலை தொங்கிய நான்கு மாதங்கள், அந்த மாதங்களில் அடுப்பையும் நோயாளியையும் பார்த்துக்கொண்ட ஒரு பெண்மணி, எல்லாம் என் பேனாவால் காணாமல் போயிற்று. எழுதியவருக்கு ஒரே இரவாகவும் வீட்டுக்கு நான்கு மாதமாகவும் இருந்தது என்பதுதான் அந்த நூலைப் பற்றி எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உண்மை. அதைத்தான் வெட்டினேன்.

அந்த ஆண்டுகளில் நான் பதிவு செய்த பேட்டிகள் பதினொன்று. கேசட் வாங்கவும் காசில்லாத பத்திரிகை என்பதால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்தோம். மிஞ்சியவை நான்கு பேட்டிகள்தாம். அழிந்த ஏழில் பேசியவர்கள் ஒருவரும் இன்று இல்லை. இப்போது கைப்பேசியில் எத்தனையோ இளைஞர்கள் எழுத்தாளர்களைப் பதிவு செய்கிறார்கள். மூன்று நிமிடத் துண்டு ஒன்றை வெட்டி வெளியிட்டுவிட்டு, இடம் போதவில்லை என்று முழுப் பதிவையும் அழித்துவிடுகிறார்கள். அவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பேன்: வெளியிடுவது எவ்வளவாக இருந்தாலும் இருக்கட்டும், முழுவதையும் வைத்திருங்கள். இரண்டு இடங்களில் வைத்திருங்கள். யார், எந்த ஊரில், எந்தத் தேதியில் என்று தொடக்கத்தில் உங்கள் குரலிலேயே சொல்லிப் பதிந்து வையுங்கள்.

போன ஆண்டு, மிஞ்சிய கேசட்டுகளை ஒலிப்பதிவு அறிந்த நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அவர் பொறுமையாகத் துடைத்து, உள்ளிருக்கும் பஞ்சுத் துண்டை மாற்றி, கணினிக்குக் கொண்டுவந்தார். என் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார். இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஊஞ்சல் சங்கிலி முனகியது. அன்றைக்குக் கெடுதல் என்று நினைத்த அந்த ஓசைதான் முதலில் வந்து என்னை அந்தக் கூடத்துப் பாயில் உட்கார வைத்தது.

நீண்ட காலம் சுற்றியே வைத்த நாடாவில், ஒரு சுற்றில் பதிந்த ஒலி அதை ஒட்டியிருக்கும் அடுத்த சுற்றிலும் இலேசாகப் பதிந்துவிடுமாம். நண்பர் விளக்கினார். அதனால் ஒரு சொல் ஒலிப்பதற்கு ஓரிரு நொடி முன்பே அதன் நிழல் கேட்கும். 'விடிந்தபோது முடிந்திருந்தது' என்று அவர் சொல்லி நிறுத்திய இடத்தில் காதைக் கூர்மையாக்கிக்கொண்டேன். நிசப்தத்துக்குள்ளே, எங்கோ தொலைவிலிருந்து வருவது போல, அந்த அம்மாள் சமையற்கட்டில் பேசத் தொடங்கியிருந்தார்.