கையேட்டுப் பக்கத்தில் ஒரு வரி

நேயர்களுக்கு வணக்கம்.

"திறமூல மென்பொருளுக்கு நானும் ஏதாவது செய்யணும் சார், ஆனால் அந்த அளவுக்கு கோடிங் வராதே" என்று கல்லூரி மாணவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வார்கள். திறமூலம் என்றால் யாரும் நிரலைப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். அதற்குக் கையேடு எழுதுங்கள் என்பேன். உடனே முகம் வாடிவிடும், ஏதோ ஆறுதல் பரிசு கொடுத்த மாதிரி. அந்த வேலை அப்படிப்பட்டதல்ல என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளம் உள்ள கணினியில் டெர்மினலை, அதாவது கமாண்டுகளை (கட்டளைகளை) தட்டும் திரையைத் திறந்து, 'மேன்' என்று தட்டி, பக்கத்தில் ஒரு கமாண்டின் பெயரையும் தட்டினால் அதற்கான கையேட்டுப் பக்கம் வந்துவிடும். இந்த வழக்கம் லினக்ஸைவிட 20 ஆண்டு மூத்தது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் முதல் கையேடு, 1971 நவம்பர் 3 தேதியிட்டது. அதில் 'பக்ஸ்' (பிழைகள்) என்றே ஒரு தலைப்பு உண்டு. இந்த கமாண்டில் இன்ன குறை இருக்கிறது என்று, செய்தவர்களே எழுதி வைத்தார்கள். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சரி, ஒரு பக்கத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். 'எஃப்சிங்க்' என்று ஒரு சிஸ்டம் கால், அதாவது ஒரு நிரல் இயங்குதளத்திடம் வேலை கேட்கும் அழைப்பு. நாம் ஒரு கோப்பில் எழுதுவது உடனே வட்டுக்குப் போய்விடாது. கொஞ்ச நேரம் நினைவகத்தில் நிற்கும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் எழுதியது போச்சு. அதனால் நிரலாளர் எஃப்சிங்கை அழைத்து, "இதை வட்டில் சேர்த்துவிட்டு வந்து சொல்" என்கிறார். அதோடு பத்திரம் என்று நினைத்துக்கொள்கிறார். ஆனால் கையேட்டுப் பக்கம் இன்னொன்றும் சொல்கிறது: கோப்பின் உள்ளடக்கம் வட்டுக்குப் போனாலும், அந்தக் கோப்பு இருக்கும் அடைவில் (ஃபோல்டரில்) அதன் பெயர் பதிவாகியிருக்கும் என்று உறுதியில்லை, அதற்கு அடைவின் மீதும் தனியாக எஃப்சிங்க் அழைக்க வேண்டும். ஓரிரு வாக்கியம்தான். அதைப் படிக்காமல் ஒருவர் கணக்கு மென்பொருள் எழுதினால், மின்வெட்டுக்குப் பிறகு புதிய கோப்பையே காணோம் என்று தேட வேண்டிவரும்.

லினக்ஸின் இந்தப் பக்கங்களை 2004 முதல் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பராமரித்தவர் மைக்கேல் கெரிஸ்க். ஒன்றைப் பற்றி எழுதும்முன் சின்னச் சின்ன நிரல்கள் எழுதி ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். அப்படிப் பார்த்ததில் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலிலேயே பிழைகள் அகப்பட்டன. ஆமாம், கையேடு எழுதுவதும் ஒருவகைச் சோதனைதான். "இப்படிக் கொடுத்தால் இப்படி வரும்" என்று எழுத உட்காரும்போதுதான், உண்மையிலேயே அப்படி வருகிறதா என்று பார்க்கத் தோன்றுகிறது.

இவ்வளவு பயன் இருந்தும் ஆள் இல்லை. திறமூல நிரல்களைப் பலரும் வைத்துப் பகிரும் கிட்ஹப் தளம் 2017-இல் எடுத்த ஆய்வில், முழுமையில்லாத அல்லது காலாவதியான ஆவணங்கள் (கையேடு போன்றவை) பெரிய தொல்லை என்று 93 சதவீதம் பேர் சொன்னார்கள். பங்களிப்பாளர்களில் 60 சதவீதம் பேர், ஆவணம் எழுதுவது அரிது அல்லது எழுதுவதே இல்லை என்றார்கள்.

இங்கேதான் புதியவர் தேவைப்படுகிறார். பத்து வருடம் பழகியவர் கண்ணுக்கு, விட்டுப்போன படி தெரியாது. அவர் கை தானாகவே அதைச் செய்துவிடும். முதல்முறை நிறுவும் நீங்கள்தான் அந்த இடத்தில் தடுக்கி விழுகிறீர்கள். விழுந்த உடனே குறித்து வையுங்கள்: எந்தப் பதிப்பு, என்ன தட்டினீர்கள், திரையில் என்ன வந்தது. மறுநாள் அது உங்களுக்கும் மறந்துவிடும்.

அப்புறம், ஆவணமும் நிரலைப்போல மூலக்கோப்புகளில்தான் இருக்கிறது. மேன் பக்கங்கள் 'ராஃப்' வடிவில், பைத்தான் ஆவணங்கள் 'ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்' வடிவில். திருத்தி அனுப்பினால் நிரலைப் போலவே ஒருவர் படித்துப் பார்த்து, கேள்வி கேட்டு, பிறகுதான் சேர்ப்பார். ஒரு பேட்சில், அதாவது நீங்கள் அனுப்பும் ஒரு திருத்தத்தில், ஒரே விஷயத்தை வையுங்கள். ஏன் மாற்றினீர்கள், எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று இரண்டு வரி சேருங்கள். ஆங்கிலம் சுமார்தானே என்று தயங்காதீர்கள். குட்டிக் குட்டியான, நேரடியான வாக்கியம்தான் இங்கே எல்லோருக்கும் வேண்டியது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். 2020 அக்டோபரில், நான்கு மாற்றங்கள் அனுப்பினால் டிஷர்ட் என்ற ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வுக்காக, திட்டங்களின் அறிமுகக் குறிப்பான ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்தும் மாற்றியும் ஏராளமானோர் அனுப்பித் தள்ளினார்கள். அதையெல்லாம் ஒவ்வொன்றாக மூடியவர்கள், பெரும்பாலும் சம்பளமில்லாமல் ஓய்வு நேரத்தில் வேலை செய்பவர்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்று அந்த மாதமே விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். உங்கள் கணினியில் இருக்கும் பக்கம் பழைய பதிப்பாக இருக்கலாம். அனுப்பும்முன் திட்டத்தின் இப்போதைய மூலத்தைத் திறந்து, அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வேறு யாராவது ஏற்கெனவே திருத்தியிருந்தால், அதற்கு அடுத்த பக்கத்தைப் படியுங்கள்.

நன்றி, வணக்கம்.