தையல் மெஷினுக்கு முன்னால் ஒரு கேள்வி

வணக்கம். முன்வரிசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் களப்பணியாளர்கள் என்று சொன்னார்கள். அதனால் மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வு என்றால் என்ன என்று அ, ஆவிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. நேராக ஒரு கேள்வி. விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்ட ஒருவரைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போகிறீர்கள். உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிறீர்கள், சக்கர நாற்காலிக்கு எழுதிப் போடுகிறீர்கள், சான்றிதழுக்கு அலைகிறீர்கள். பிழைப்பைப் பற்றி அவரிடம் எப்போது பேசுகிறீர்கள்? எல்லாம் முடிந்த பிறகுதானே? முதல் நாளே பேசுங்கள். நான் சொல்ல வந்தது இதுதான்.

கடைசியில் பேசும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், இந்தத் துறை பிறந்த விதத்திலேயே அதற்குக் காரணம் இருக்கிறது. 1978இல் ஆரம்ப சுகாதாரம் பற்றிய உலக மாநாடு வெளியிட்ட அல்மா-ஆட்டா பிரகடனம், ஆரம்ப சுகாதாரப் பணியில் மறுவாழ்வும் ஒரு பகுதி என்றது. அதன் தொடர்ச்சியாக உலக சுகாதார நிறுவனம் சமுதாயம் சார்ந்த மறுவாழ்வு முறையை வளர்த்தெடுத்தது. பெரிய மருத்துவமனைகள் நகரங்களில் இருக்கின்றன, தேவைப்படுகிறவர்கள் எங்கோ இருக்கிறார்கள். ஆகவே குடும்பத்துக்கே கற்றுக்கொடுப்போம் என்பது அதன் அடிப்படை. ஐனர் ஹெலாண்டர், இலங்கையைச் சேர்ந்த பத்மணி மெண்டிஸ் போன்றோர் சேர்ந்து எழுதிய பயிற்சிக் கையேடு 1989இல் வந்தது. நல்ல வேலைதான், ஆனால் நடைமுறையில் அது பெரும்பாலும் சிகிச்சையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோவதோடு நின்றது. வறுமை, உரிமை, வருமானம் என்ற பேச்செல்லாம் பிறகுதான் வலுத்தது. 2006இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை வந்தது, அதன் 27ஆவது பிரிவு வேலை செய்யும் உரிமையைப் பேசுகிறது. 2010இல் சமுதாயம் சார்ந்த மறுவாழ்வுக்கென்று வெளியான வழிகாட்டி நெறிகள் சுகாதாரம், கல்வி, வாழ்வாதாரம், சமூக வாழ்வு, அதிகாரம் பெறுதல் என்று ஐந்து தூண்களை வைத்தன.

அந்த ஐந்தையும் ஒரு கட்டமாகப் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பீர்கள். அதைப் படிக்கட்டு என்று நினைத்துவிடுகிறோம். முதலில் உடம்பு சரியாகட்டும், அப்புறம் படிப்பு, அப்புறம் வேலை. அந்த நெறிகள் அப்படிச் சொல்லவே இல்லை. எங்கே தேவையோ அங்கே தொடங்கலாம்.

ஏன் முதல் நாளே என்கிறேன்? செய்யப்போகும் வேலைதான் சிகிச்சையையே தீர்மானிக்கிறது. அடிபட்டவர் மேசையில் உட்கார்ந்து மொபைல் பழுது பார்க்கப் போகிறாரா? அப்படியானால் உட்கார்ந்த நிலையில் கையை ஊன்றிக்கொள்ளாமல் இரண்டு கையாலும் வேலை செய்யும் அளவுக்கு உடம்பில் சமநிலை வர வேண்டும். இருக்கைக்கு ஏற்ற மெத்தை வேண்டும். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்கு உட்கார்ந்த இடம் புண்ணாவது தெரியாது. கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கி, அல்லது முன்னும் பக்கவாட்டிலும் சாய்ந்து, அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். வேலை மும்முரத்தில் அதை மறந்தால் புண் வரும். புண் வந்தால் மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டும். அதற்குள் வாடிக்கையாளர் வேறு இடம் பார்த்துவிடுவார். தொழில் போனதற்குக் காரணம் திறமைக் குறைவு என்று அப்புறம் நாமே அறிக்கை எழுதுவோம்!

தொழுநோயால் கை மரத்துப்போனவருக்கும் இதே கதை. எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்று அந்தக் கைக்குத் தெரியாது, அதனால் தேவைக்கு மேல் இறுக்கும். கருவியின் கைப்பிடியைத் துணி சுற்றித் தடிமனாக்கினால் அழுத்தம் பரவும், கொப்புளம் குறையும். வேலை முடிந்ததும் உள்ளங்கையைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கும் பழக்கமும் வேண்டும். இது மருத்துவமா, வாழ்வாதாரமா? பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

சரி, தையல் மெஷினுக்கு வருகிறேன். மேடை, மாலை, வரிசையாகப் பத்து மெஷின், ஒரு போட்டோ. கால் மிதி மெஷினை இரண்டு காலும் பலவீனமான பெண்ணிடம் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? மோட்டார் மாட்டி, அதன் சுவிட்சை முழங்கையால் அழுத்தும்படி மாற்றலாம். பெரிய வித்தையெல்லாம் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் அவரிடம் கேட்க வேண்டும். தைக்கப் பிடிக்குமா? அந்தத் தெருவில் ஏற்கெனவே எத்தனை பேர் தைக்கிறார்கள்? துணியும் நூலும் வாங்க முதலீடு யார் தருவார்? மெஷின் பழுதானால் யாரைக் கூப்பிடுவார்? இவற்றுக்குப் பதில் இல்லாமல் கொடுத்த மெஷின் சீக்கிரமே விலைக்குப் போய்விடும். அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

முதலீடு என்றதும் சேமிப்புக் குழுக்கள் நினைவுக்கு வருகின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிக்குழு அமைப்பது நமக்குச் சுலபம். கூடிப் பேச, உரிமை கேட்க அது தேவைதான். கடனுக்கும் வியாபாரத்துக்கும் ஊரில் எல்லோரும் இருக்கும் குழுவில் அவர் உறுப்பினராவதே மேல். வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள், விலை தெரிந்தவர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள். 'இவர் எப்படித் திருப்பிக் கட்டுவார்' என்ற முனகல் வரும். கூட்டம் நடக்கும் இடத்துக்கு அவரால் வர முடிகிறதா, பேசுவது அவருக்குக் கேட்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை வருடக்கணக்கில் பயிற்சிக் கூடத்திலேயே வைத்திருக்கிறோம். கூடத்தில் கற்றது வேலையிடத்தில் அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. வேலையில் சேர்த்துவிட்டு, அங்கேயே பக்கத்தில் ஒருவர் நின்று, வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்து, மெல்ல மெல்ல விலகிக்கொள்ளும் முறை பல நாடுகளில் பலன் தந்திருக்கிறது. ஆள் பலம் அதிகம் வேண்டும், உண்மை. ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

இன்னொன்று, அரசாங்கம் கவனிக்க வேண்டியது. சம்பாதிக்கத் தொடங்கிய உடனே உதவித்தொகையை நிறுத்தினால் யார் துணிந்து வேலைக்குப் போவார்? ஊனத்தால் வரும் கூடுதல் செலவு வேலை கிடைத்ததும் தீர்ந்துவிடுவதில்லை. போக்குவரத்துச் செலவு இன்னும் ஏறத்தான் செய்யும்.

கடைசியாகக் களப்பணியாளர்களுக்கு. தொழில் தொடங்கி மூன்று மாதம் கழித்துப் போகும்போது வருமானம் எவ்வளவு என்று மட்டும் குறித்துக்கொண்டு வராதீர்கள். அந்தப் பணம் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். அண்ணன் கையிலா, கணவர் கையிலா, அவர் கையிலேயேவா? குடும்பத்தை வெளியே அனுப்பிவிட்டு, அவரிடமே கேளுங்கள். பேச வராதவர் என்றால் அவருக்குத் தெரிந்த சைகையில் கேளுங்கள். உங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்காது. ஓரத்தில் எழுதுங்கள்.

நேரமாகிவிட்டது என்று மணி அடிக்கிறார்கள். மற்றதைக் கேள்வி நேரத்தில் பேசுவோம்.