மறுபடி பெயிண்ட் அடிப்பதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். நான் குன்னூரில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை நடத்துகிறேன். அந்தத் தொழிலில் இருப்பவன் வானொலி நிலையத்துக்கு வந்து, "அவசரப்பட்டுப் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள்" என்று சொல்வது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். பட்டறைக்குப் பழைய காரோடு வருகிறவர்களிடம் பல வருடங்களாக நான் சொல்லி வருவது அதைத்தான்.

உங்கள் வீட்டில் நிற்பது அம்பாசிடராக இருக்கலாம், பத்மினியாக இருக்கலாம், தொடக்க காலத்து மாருதி 800 ஆகவும் இருக்கலாம். பளபளப்புப் போய், தொட்டால் கையில் மாவாக ஒட்டுகிறது. உடனே, "முழு பெயிண்ட் அடித்தால் எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறீர்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இது கம்பெனியில் அடித்த பெயிண்டா? ஆமாம் என்றால், தயவுசெய்து உப்புத்தாளைக் கீழே வையுங்கள்.

கம்பெனி பெயிண்ட் ஒரு காருக்கு ஒரு முறைதான் கிடைக்கும். சீட், கண்ணாடி, வயர், ரப்பர் எதுவும் பொருத்துவதற்கு முன், வெறும் கூட்டுக்குப் பெயிண்ட் அடித்துப் பெரிய சூட்டறைக்குள் அனுப்புகிறார்கள். இன்றைய தொழிற்சாலைகளில் அந்தச் சூடு சுமார் 140 டிகிரி. பெயிண்ட் இறுகிக் கெட்டிப்படுவது அந்தச் சூட்டில்தான். முழுதாகப் பூட்டிய காரை அவ்வளவு சூட்டில் வைத்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கும் வயரும் பாழாகிவிடும். அதனால் வசதியான பட்டறைகளில்கூட 60 டிகிரிக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறோம். மலைமேல் இருக்கும் சிறிய பட்டறைகளில் அந்த வசதியும் இல்லை. காற்றிலேயே காய வைக்கிறோம். நானும் என் பையன்களும் எவ்வளவு கவனமாக அடித்தாலும் அந்தப் பழைய கெட்டித்தன்மை திரும்பி வராது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் போனது போனதுதான்.

அந்தப் பெயிண்டின் கனம் எவ்வளவு தெரியுமா? தகட்டின் மேல் பிரைமர் என்னும் அடிப்பூச்சு, நிறம் எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். 1990-களுக்குப் பிறகு வந்த பல கார்களில் நிறத்துக்கு மேல் நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கும். அதை கிளியர் கோட் என்கிறோம். அது மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. ஒவ்வொரு முறை காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசை போட்டுத் தேய்க்கும்போதும் அதில் கொஞ்சம் போகிறது. ஆகவே கையில் இருப்பதைச் செலவு செய்யாமல் வைத்துக்கொள்வதுதான் முதல் வேலை.

மலையில் இருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது ஒன்று: "இங்கே குளிர்தானே, வெயில் என்ன செய்துவிடப் போகிறது?" வெயில் நிறையவே செய்யும். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடுகிறது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. உதகை 2,240 மீட்டர். கொடைக்கானலும் 2,100 மீட்டருக்கு மேல். உடம்புக்குச் சூடு தெரியாது, காற்று சில்லென்று இருக்கும், ஆனால் கதிர் வேலை செய்துகொண்டே இருக்கும். பெயிண்டைப் பிடித்து வைத்திருக்கும் பிசினை அந்தக் கதிர் மேலிருந்து உடைக்கிறது. பிசின் போனபின் நிறத்தூள் மட்டும் தளர்ந்து நிற்கிறது. சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டிக்கொள்வதைப் போல, அந்தத் தூள்தான் உங்கள் கையில் ஒட்டுகிறது. பானெட்டும் கூரையும் முதலில் வெளுப்பதும், கதவின் கீழ்ப்பாதி நன்றாக இருப்பதும் இதனால்தான்.

தளர்ந்து நிற்பது மேலே உள்ள மெல்லிய அடுக்கு மட்டும். அதற்குக் கீழே பெயிண்ட் உயிரோடு இருக்கிறது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் மக்கள் நம்புவதில்லை. கண்ணால் பார்த்தால்தான் நம்புகிறார்கள்.

கோத்தகிரிப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். கணவர் வைத்திருந்த பத்மினி, கருநீலம். அவர் காலமான பிறகு கார் வீட்டுப் பக்கத்தில் வெயிலிலும் மழையிலும் நின்று சாம்பல் பூத்துப் போயிருந்தது. என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீலம் செத்துவிட்டது. சிவப்பு அடித்துவிடு. பேரனுக்குச் சிவப்புதான் பிடிக்கும்" என்றார். நான், "டீச்சர், முதலில் ஒரு வெள்ளைத் துணி கொடுங்கள்" என்றேன். கிழிந்த வேட்டித் துண்டு ஒன்று கொடுத்தார். டிக்கி மூடியின் ஓரத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு கிரீம் பாலிஷ் தொட்டு மெதுவாகத் தேய்த்தேன். துணி நீலமாகிவிட்டது. டீச்சர் பதறிவிட்டார். "ஐயோ தம்பி, இருந்த கொஞ்சம் நிறமும் துணிக்கு வந்துவிட்டதே!"

நேயர்களே, இந்தச் சோதனையை நீங்களும் வீட்டில் செய்யலாம். துணியில் காரின் நிறம் வந்தால், உங்கள் காரில் இருப்பது ஒற்றை அடுக்குப் பெயிண்ட். அதைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். துணியில் நிறம் வராவிட்டால் மேலே கிளியர் கோட் இருக்கிறது. அது மங்கியிருந்தால் பாலிஷில் திரும்பும். தோல் உரிவதைப்போல் விளிம்பு விட்டு உரிந்திருந்தால் எந்தப் பாலிஷும் உதவாது. அந்தப் பகுதிக்குப் பெயிண்ட்தான் வழி.

டீச்சரின் காருக்குத் திரும்புகிறேன். முன் கண்ணாடிக்குக் கீழே பானெட்டில் பழைய வேல் ஸ்டிக்கர் ஒன்று. பழனிக்குப் போனபோது அவர் கணவர் ஒட்டியது. அதை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வெந்நீரில் நனைத்த துணியை வைத்து ஒரு மூலையை மட்டும் மெதுவாகத் தூக்கினேன். அடியில் வெயில் படாத நீலம் அப்படியே இருந்தது. "டீச்சர், இந்த நிறத்துக்குக் கொண்டுவர முடியும். ஆனால் பெயிண்ட் டப்பா தேவையில்லை, பொறுமை தேவை" என்றேன். மூலையைத் திரும்ப ஒட்டிவிட்டேன்.

பொறுமை அவரிடம் நிறைய இருந்தது. நன்றாகக் கழுவி உலர்த்திய பிறகு, தேய்க்கும் துகள் இல்லாத, எண்ணெய்ப் பசையுள்ள கிளேஸ் என்ற பூச்சை டர்க்கி டவலில் தாராளமாகத் தடவி இரவு முழுதும் விட்டுவிடச் சொன்னேன். காய்ந்த பெயிண்ட் அந்த எண்ணெயைக் குடிக்கும். மறுநாள் துடைத்துவிட்டு மறுபடி தடவ வேண்டும். அதன் பிறகுதான் மென்மையான பாலிஷ், அதுவும் கையால். மெஷின் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். பழைய கார்களில் தகடு மடியும் விளிம்புகளில் பெயிண்ட் மிக மெல்லியது. மெஷின் அங்கே சில நொடி நின்றால் பிரைமர் தெரிந்துவிடும். ஒரு நாள் ஒரு கதவு, அடுத்த நாள் ஒரு மட்கார்டு என்று, டீச்சரும் பேரனுமாகச் செய்தார்கள். நான் மீண்டும் போய்ப் பார்த்தபோது பானெட்டின் நீலத்துக்கும் ஸ்டிக்கரின் மூலைக்குக் கீழே இருந்த நீலத்துக்கும் வித்தியாசம் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. கூரையில் இரண்டு இடத்தில் பிரைமர் வரை தேய்ந்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டோம். பேரன் சிவப்பைப் பற்றிப் பிறகு பேசவில்லை. சிவப்பு அடித்திருந்தால் ஆர்.சி.யிலும் நிறத்தை மாற்றிப் பதிய வேண்டியிருந்திருக்கும். அந்த அலைச்சலும் மிச்சம்.

வெயிலைச் சொன்னேன். இனி ஈரம். நம் மலையில் கார்களை வெயிலைவிட அதிகமாகக் கெடுப்பது ஈரமும், அந்த ஈரத்தை மூடிவைக்கும் உறையும்தான்.

ஆடி மாதம் கூடலூரிலும் தேவாலாவிலும் அவலாஞ்சியிலும் மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மழை பெய்கிறதே என்று நனைந்த காரின் மேல் பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். காரைக் காப்பாற்றியதாக நினைக்கிறார்கள். பெயிண்ட் பார்ப்பதற்குக் கண்ணாடிபோல் இருந்தாலும் நீராவி அதன் வழியாக மெதுவாக உள்ளே போகும். தார்ப்பாய்க்குள் நாள்கணக்கில் ஈரம் நின்றால் பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் கிளம்பும். முன்பு அடிபட்டு நெளிந்த தகட்டைப் பட்டி வைத்து நிரப்பிய இடங்களில் இன்னும் மோசம். பட்டி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, காற்றில் தார்ப்பாய் அடித்து அடித்து, அடியில் சிக்கிய மண்ணால் பெயிண்டை இழைத்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே மறுபடி சொல்கிறேன்: ஈரமான காருக்கு உறை போடாதீர்கள். முடிந்தால் மேலே ஒரு தகரக் கூரை, பக்கங்கள் திறந்தபடி, காற்று ஓட வேண்டும். கூரைக்கு அடியில் நிற்கும் காருக்குப் பருத்தித் துணி உறை போடலாம், உலர்ந்த பிறகு. கூரையும் இல்லை, துணி உறையும் இல்லை என்றால் காரைத் திறந்தே விடுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயைவிட அது மேல். ஈரமான காருக்கு உறை போடாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலும் எனக்குப் போதும்.

மரத்தடியும் அப்படித்தான். நிழல் நல்லது என்று சில்வர் ஓக், சைப்ரஸ், கற்பூர மரம் இவற்றின் அடியில் நிறுத்துகிறோம். ஈர இலை ஒட்டிய இடத்தில் வெளிர்நிறக் கார்களில் பழுப்புக் கறை இறங்கும். பறவை எச்சத்தில் அமிலம் இருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் நிறையத் தண்ணீர் விட்டு ஊற வைத்து எடுக்க வேண்டும், சுரண்டக் கூடாது. மார்கழி, தையில் தலைகுந்தாப் பக்கம் பானெட்டில் உறைபனி படியும்போது அட்டையால் வழிக்கிறவர்களைப் பார்க்கிறேன். அதில் மண் கலந்திருக்கிறது, கீறும். வெந்நீரைக் கொட்டினால் கண்ணாடி வெடிக்கலாம். வெயில் வரும், உருகும், காத்திருங்கள்.

தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசு தட்டும் வழக்கம் ஓட்டுநர்களிடம் இருக்கிறது. அவர்கள் அக்கறையோடு செய்கிறார்கள், எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு. ஆனால் சாலைத் தூசு மணல்தான். அது பெயிண்டைவிடக் கடினம். வெயிலில் பார்த்தால் வட்டம் வட்டமாகத் தெரியும் கீறல்கள் இப்படி வருபவை. தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவிய பிறகுதான் துணி படலாம். மண்ணெண்ணெயோ டீசலோ கலந்து துடைத்தால் அன்று மின்னும். போட்ட மெழுகு கரைந்து போகும், ரப்பர் உப்பும், மாலைக்குள் இரு மடங்கு தூசு ஒட்டும்.

இத்தனைக்கும் பிறகு பெயிண்ட் அடித்தே ஆக வேண்டிய கார்களும் உண்டு. அப்படியானால் நாள் பார்த்து அடியுங்கள். பழைய வகை லாக்கர் பெயிண்டில், அதைக் கரைக்கக் கலக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது அந்த இடம் சட்டென்று குளிரும். மூடுபனி நாளில் காற்றிலுள்ள ஈரம் அங்கே படிந்து பெயிண்ட் வெள்ளையாகப் பூத்துவிடும். இறுக வைக்கும் ஹார்டனரைக் கலந்து அடிக்கும் இன்றைய பெயிண்ட் குளிரில் சரியாக இறுகாது. மாசி முதல் சித்திரை வரை நல்லது. மழைக்காலத்தில் அவசரம் என்றால் மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிக்கொண்டு போங்கள். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். துணி முகமூடி அதைத் தடுக்காது. பட்டறையில் வேலை செய்யும் தம்பிகள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகமூடி கேளுங்கள். முதலாளிகள் கட்டாயம் வாங்கிக்கொடுக்க வேண்டும்.

இந்த ஒலிபரப்பு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மெழுகைப் பற்றியும் துருவைப் பற்றியும் நிறையச் சொல்ல வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துரு பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வருகிறது. கதவின் அடியில் தண்ணீர் வடியச் சிறிய துளைகள் இருக்கும். இலையும் மண்ணும் அடைத்திருக்கும். ஒரு ஈர்க்குச்சியால் இன்றே குத்திவிடுங்கள். வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் சேரும் சைப்ரஸ் சருகையும் அள்ளிவிடுங்கள். பர்லியார் ஏற்றத்தில் லாரி தெறித்த கல் பட்டுப் பெயிண்ட் உதிர்ந்திருந்தால், அடுத்த மழைக்குமுன் பிரைமரும் நிறமும் தொட்டு வையுங்கள். மெழுகு, கார்நாபா கலந்தது, பிரேசில் பனைமர இலையிலிருந்து வருவது, வருடத்துக்கு இரண்டு தடவை: தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் மே மாதம் ஒன்று, மழையெல்லாம் ஓய்ந்து ஜனவரியில் ஒன்று. நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது, மெல்லியதாக. தடித்துப் போட்டால் பயன் அதிகமாகாது, துடைப்பதுதான் சிரமம். செராமிக் கோட்டிங் பற்றிக் கேட்டு எழுதியிருந்தவர்களுக்கு இன்று பதில் சொல்ல நேரமில்லை. நிலையத்தார் இன்னொரு முறை அழைத்தால் சொல்கிறேன். வணக்கம்.