70 எழுத்துக்குள் ஒரு விசாரிப்பு

அனைவருக்கும் வணக்கம். மாத்திரைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிற சுகாதாரப் பணியாளர்கள் நீங்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சர்க்கரை நோயாளியை டாக்டர் பார்ப்பது மாதத்தில் ஐந்து நிமிடம். மிச்ச நேரமெல்லாம் அவருக்கு அவரேதான் வைத்தியர். அந்த மிச்ச நேரத்துக்குள் நுழையத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் போனுக்கு அனுப்பும் குறுஞ்செய்தி. பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு சென்னை சர்க்கரை நோய் மருத்துவர் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவின் ஆய்வைச் சொல்வேன். வெளிவந்த ஆண்டு 2013. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 537 ஆண்கள். இரண்டு வருட முடிவில், செய்தி போனவர்களில் 18 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. போகாதவர்களில் 27 சதவீதம். நடையையும் சாப்பாட்டையும் ஞாபகப்படுத்தியதற்கு இவ்வளவு பலன்!

ஆனால் அவர்கள் வேலைக்குப் போகும் ஆண்கள். போன் அவரவர் சட்டைப் பையில். களையெடுக்கப் போகும் என் பெரியம்மாவிடம் இருப்பது பழைய பட்டன் போன். ஒருநாள் நீட்டினார்: "ஆஸ்பத்திரியிலருந்து மெசேஜ் வரும்னாங்களே, இதுவா பாரு." திரை முழுக்க வெறும் கட்டங்கள். அந்த போனுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. அப்படிப் பதினோரு செய்திகள், ஒன்றைக்கூட அழிக்காமல் வைத்திருந்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சரி, தமிழ் தெரியும் போனாகவே இருக்கட்டும். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். அதிலும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனிக் கணக்கு. 'சர்க்கரை' நமக்கு ஐந்து எழுத்து, போனுக்கு எட்டு. 'இரத்தச் சர்க்கரை அளவைக் கட்டுப்பாட்டில் வைத்திருத்தல்' என்று ஆரம்பித்தால் விஷயம் வருவதற்குள் இடம் தீர்ந்துவிடும். 'ராத்திரி மாத்திரை போட்டாச்சா?' போதும். வீட்டில் கேட்கிற மாதிரியே இருக்கிறது. ஆடி வெள்ளிக்கு முந்தின நாள், 'ஊசி போடுறவங்க டாக்டரைக் கேட்காம விரதம் இருக்காதீங்க' என்று ஒன்று போகட்டும். இதுவும் 70-க்குள் அடங்கிவிடும். இன்சுலின் ஊசி போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு கோயில் வரிசையில் நின்று மயங்கி விழுவது உயிருக்கே ஆபத்து.

அப்புறம், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நோட்டில் போன் நம்பருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கேள்வி எழுதிக்கொள்ளுங்கள். இது யார் போன்? வந்த செய்தியை யார் படித்துச் சொல்வார்கள்? மகன் போன் என்றால் அவன் திருப்பூரில் இருக்கிறானா, வீட்டில் இருக்கிறானா என்றும் கேளுங்கள். படிக்க ஆளில்லாத வீட்டுக்குப் பேசும் அழைப்பாக அனுப்பச் சொல்வோம், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல். பெரியம்மா வயலிலிருந்து திரும்பி, கால் கழுவி, உலை வைக்கிற நேரம் அதுதான்.